ஃபர்லோவில் இருக்கும்போது வேலையின்மைக் காப்பீட்டைப் பெறுவது எப்படி: அமெரிக்காவில் பணிபுரிவோருக்கு

"நீங்கள் இன்னும் எங்கள் ஊழியர்தான், ஆனால் மறு அறிவிப்பு வரும் வரை வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை" என்ற பொருள்பட நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தால், உங்களை ஃபர்லோவில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேலை போய்விடவில்லை என்ற ஆறுதலிலும், இன்னும் ஊழியராக இருக்கும் நாம் எப்படி உதவித்தொகை கேட்பது என்ற தயக்கத்திலும் பலர் முதல் சில வாரங்களைச் சும்மா கடத்திவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அமெரிக்க மாநிலங்களின் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டங்கள், உங்கள் தவறு ஏதுமின்றி வேலை இல்லாமல் போனதா, அந்த வாரத்தில் சம்பளம் ஈட்டினீர்களா என்பதைத்தான் பார்க்கின்றன. நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்பது அவற்றுக்கு இரண்டாம் பட்சம்.

இது தர்மப் பணமும் அல்ல. 1932இல் விஸ்கான்சின் மாநிலம் முதலில் இயற்றிய சட்டத்தையும், 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் அடித்தளமாகக் கொண்ட இந்த ஏற்பாட்டுக்கு, உங்கள் பெயரில் நிறுவனம் வரி கட்டிவந்திருக்கிறது. அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு பகுதி பிடிக்கப்படுகிறது. ஆகவே விண்ணப்பிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கவனமாக இருக்கவேண்டியது வேறு ஒரு விஷயத்தில்: மாதச் சம்பளத்துக்குப் பழகிய நமக்கு இந்தப் பணமும் ஒருமுறை அனுமதி கிடைத்தால் தானாக வந்துகொண்டிருக்கும் என்று தோன்றும். உண்மையில் இது வாரக் கணக்கில் ஓடுவது. ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகக் கேட்கப்பட்டு, தனித்தனியாகச் சரிபார்க்கப்பட்டு, தனித்தனியாக வழங்கப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. இங்கே நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வாரக் கணக்கை மறந்ததால் வருபவை.

எந்த மாநிலத்தில், எப்போது

நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம் கிடையாது. 50 மாநிலங்களும், தலைநகரான வாஷிங்டன் டி.சி.யும், புவேர்ட்டோ ரிக்கோவும், வர்ஜின் தீவுகளும் தத்தம் சட்டப்படி தனித்தனியே இதை நடத்துகின்றன. பொதுவாக நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் அல்ல, வேலை செய்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்கவேண்டும். நியூ ஜெர்சியில் வீடும் நியூயார்க்கில் அலுவலகமும் உள்ளவர் நியூயார்க்கிடம்தான் கேட்கவேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு இது சற்றுக் குழப்பமானது. நிறுவனம் எந்த மாநிலத்துக்கு உங்கள் சம்பளக் கணக்கைத் தெரிவித்து வேலையின்மை வரி கட்டியது என்பதே முடிவு செய்யும் என்பதால், சம்பளப் பிரிவிடம் ஒரு வரியில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. கடந்த ஒன்றரை ஆண்டில் இரண்டு மாநிலங்களில் வேலை செய்திருந்தால் இரண்டிலும் ஈட்டிய சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிடவும் வழி உண்டு. அதை நீங்களாகக் கேட்டுப் பெறவேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தைச் சம்பளம் நின்ற முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் கணக்கு நீங்கள் விண்ணப்பித்த வாரத்தின் தொடக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். வேலை நின்ற நாளிலிருந்து அல்ல. கடந்துபோன வாரங்களுக்கு முன்தேதியிட்டுத் தரச்சொல்லிக் கேட்கலாம் என்றாலும், அதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும். "எனக்குத் தெரியாது" என்பதை அலுவலகங்கள் எளிதில் காரணமாக ஏற்பதில்லை. அதோடு, பெரும்பாலான மாநிலங்களில் முதல் தகுதி வாரம் 'காத்திருப்பு வாரம்' எனப்படும். அந்த வாரத்துக்குப் பணம் கிடையாது, ஆனால் அதைப் பதிவு செய்து கழித்தாகவேண்டும். தாமதமாக விண்ணப்பிப்பவருக்குக் காத்திருப்பும் தாமதமாகவே தொடங்கும்.

இந்த அவசரத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கைத்தான் சிந்திக்கத் தகுந்ததாகக் கருதுகிறேன். உதவித்தொகை 'அடிப்படைக் காலம்' ஒன்றில் நீங்கள் ஈட்டிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் முழுமையாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்குதான் வழக்கமான அடிப்படைக் காலம். 2025 மார்ச் மாதக் கடைசியில் விண்ணப்பித்தவருக்கு 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான சம்பளம் கணக்கில் வந்திருக்கும். அவரே சில நாள் பொறுத்து ஏப்ரலில் விண்ணப்பித்திருந்தால் 2024ஆம் ஆண்டு முழுவதும் வந்திருக்கும். அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கோ, சம்பளம் கணிசமாக உயர்ந்தவருக்கோ இந்தச் சில நாள் வித்தியாசம் வாரத் தொகையை மாற்றக்கூடும். காலாண்டு முடிய ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது ஃபர்லோ தொடங்கினால் மட்டும் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வழக்கமான காலத்தில் போதிய சம்பளம் இல்லாதவர்களுக்கு, கடைசியாக முடிந்த நான்கு காலாண்டுகளை எடுத்துக்கொள்ளும் மாற்று அடிப்படைக் காலத்தைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன.

விண்ணப்பத்தில் எதை எழுதுவது

கையோடு வைத்திருக்கவேண்டியவை: சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம் அல்லது வேறு அடையாள அட்டை, கடந்த 18 மாதங்களில் வேலை செய்த எல்லா நிறுவனங்களின் பெயர், முகவரி, தொடங்கிய தேதி, கடைசியாக வேலை செய்த தேதி, வரிப்பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம், ஃபர்லோ கடிதம், வங்கிக் கணக்கு விவரம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கிரீன் கார்டு எண்ணோ, வேலை அனுமதி அட்டை எண்ணோ தேவைப்படும். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் கூட்டாட்சி வரி அடையாள எண்ணும், ஆண்டுச் சம்பளத்தைக் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தில் இருக்கும். பலகையில் உள்ள பெயரை எழுதிச் சம்பளப் பதிவுடன் பொருந்தாமல் போவதால் நின்றுவிடும் விண்ணப்பங்கள் உண்டு.

வேலை ஏன் நின்றது என்ற கேள்விக்கு வரும்போது சற்று நிறுத்தி நிதானியுங்கள். 'ஃபர்லோ' என்ற சொல் பல மாநிலங்களின் படிவத்தில் இருக்காது. விடுப்பு, ராஜினாமா, பணிநீக்கம், லே-ஆஃப், வேலைப் பற்றாக்குறை என்று சில தேர்வுகள்தான் இருக்கும். ஃபர்லோவும் ஒருவகை விடுப்புதானே என்று எண்ணி விடுப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்களாகக் கேட்டு எடுத்த விடுப்பாக அது படிக்கப்பட்டு விசாரணைக்குப் போய்விடும். நிறுவனம் வேலை தரவில்லை என்பதுதான் நடந்த உண்மை. ஆகவே 'வேலைப் பற்றாக்குறை' அல்லது 'தற்காலிக லே-ஆஃப்' என்ற தேர்வே பொருத்தமானது. திரும்ப அழைக்கும் தேதி கடிதத்தில் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள்; இல்லாவிட்டால் தேதி தெரியாது என்றே குறிப்பிடுங்கள். நம்பிக்கையில் ஒரு தேதியை ஊகித்து எழுதவேண்டாம். மாநிலம் உங்கள் நிறுவனத்திடமும் இதே கேள்விகளைக் கேட்கும் என்பதால், மனிதவளப் பிரிவு என்ன காரணம் சொல்லப்போகிறது என்பதை முன்கூட்டிக் கேட்டறிந்து வைப்பது பல வாரத் தாமதத்தைத் தவிர்க்கும். எல்லாரும் சேர்ந்து நிறுத்தப்படும்போது சில நிறுவனங்கள் ஊழியர்கள் சார்பில் மொத்தமாக விண்ணப்பத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. அப்படியானால் நீங்கள் தனியாக இன்னொன்று போட்டுக் குழப்பக்கூடாது.

அடையாளச் சரிபார்ப்பு இன்று தனி ஒரு கட்டமாகிவிட்டது. 2020இல் கொரோனாக் காலத்தில் வேலையின்மை விகிதம் ஏப்ரலில் 14 விழுக்காட்டைத் தாண்டியபோது, கோடிக்கணக்கான விண்ணப்பங்களோடு பிறர் பெயரில் போடப்பட்ட போலி விண்ணப்பங்களும் புகுந்தன. அதன் பின்னர் பல மாநிலங்கள் ஐடி.மீ, லாகின்.கவ் போன்ற சேவைகள் வழியாக முகப்படமும் அடையாள அட்டையும் கேட்கின்றன. பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், சமூகப் பாதுகாப்பு அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது தமிழர்களிடையே சாதாரணம். தந்தை பெயர் ஓரிடத்தில் முதலிலும் மற்றோரிடத்தில் கடைசியிலும் வந்திருக்கும். விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். மாநிலத்தின் சரியான இணையதளத்தை அடைய, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் இயங்கும் கேரியர்ஒன்ஸ்டாப் தளத்தின் வழியாகச் செல்வதே பாதுகாப்பானது. விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது; பணம் கேட்கும் எந்தத் தளமும் மோசடிதான்.

எவ்வளவு வரும்

அடிப்படைக் காலத்தில் நீங்கள் ஈட்டிய வாரச் சராசரியில் ஏறத்தாழப் பாதி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நல்ல சம்பளம் வாங்கியவரை உண்மையில் கட்டுப்படுத்துவது அந்த வரம்புதான். கலிஃபோர்னியாவில் வாரத்துக்குக் குறைந்தது 40, அதிகபட்சம் 450 டாலர். இந்த 450 என்ற எண் 2005 முதல் மாறவே இல்லை. ஃபுளோரிடாவில் உச்சம் 275 டாலர். மிசிசிப்பியில் அதனினும் குறைவு. மறுபுறம் மாசசூசெட்ஸில் ஆயிரம் டாலருக்கு மேல் போகும், பிள்ளைகளுக்குத் தனிப்படியும் உண்டு. பெரும்பான்மை மாநிலங்கள் அதிகபட்சம் 26 வாரம் தருகின்றன. ஃபுளோரிடா, மாநிலத்தின் வேலையின்மை விகிதம் தாழ்ந்திருக்கும்போது, 12 வாரத்தோடு நிறுத்திவிடும். 2020இல் கூட்டாட்சி அரசு வாரந்தோறும் கூடுதலாக 600 டாலர் கொடுத்தது இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. அந்தச் சிறப்புத் திட்டங்கள் 2021 செப்டம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிட்டன. சுயதொழில் செய்வோருக்கும் ஒப்பந்த முறையில் 1099 படிவத்தில் பணம் பெறுவோருக்கும் அன்று கிடைத்த உதவியும் அதோடு நின்றது. வழக்கமான காப்பீட்டில் அவர்களுக்கு இடமில்லை.

விண்ணப்பித்த சில நாளில் வாரத் தொகையைக் காட்டும் ஓர் அறிவிப்பு வரும். அது பண அனுமதிக் கடிதம் அல்ல. சம்பளப் பதிவின்படி உங்களுக்கு எவ்வளவு வரக்கூடும் என்ற கணக்கு மட்டுமே. வேலை நின்ற காரணத்தைப் பற்றிய முடிவு தனியாக வரும். அறிவிப்பில் ஏதாவது ஒரு காலாண்டின் சம்பளம் விடுபட்டிருந்தாலோ பூஜ்யம் என்று இருந்தாலோ, சம்பளச் சீட்டுகளை இணைத்து உடனே திருத்தம் கேளுங்கள்.

ஒவ்வொரு வாரமும்

விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது போதாது. முடிவு நிலுவையில் இருக்கும்போதும் வாராந்திர உறுதிமொழியை உரிய நாளில் சமர்ப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். நியூயார்க்கில் இது வாரந்தோறும். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நான்கு வாரம் கழித்துத் தகுதி உண்டு என்று முடிவு வந்தால், உறுதிமொழி கொடுத்த வாரங்களுக்குத்தான் பணம் வரும். கேள்விகள் எளியவை: வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா, வேலை வந்தால் ஏற்கத் தயாராக இருந்தீர்களா, ஏதாவது வேலையை மறுத்தீர்களா, வேலை செய்தீர்களா, எவ்வளவு ஈட்டினீர்கள். நோயில் படுத்திருந்தாலோ, பெற்றோரைப் பார்க்க இந்தியா சென்றிருந்தாலோ, அந்த வாரத்துக்கு 'வேலைக்குத் தயார்' என்று எழுத முடியாது. வெளிநாட்டிலிருந்து இணையதளத்தில் நுழைந்து உறுதிமொழி கொடுப்பது கணக்கையே முடக்கிவிடக்கூடும். சும்மாதானே இருக்கிறோம், ஒருமுறை ஊருக்குப் போய்வரலாம் என்ற ஆசை இயல்பானதுதான். போங்கள், ஆனால் அந்த வாரங்களுக்குப் பணம் கேட்காதீர்கள்.

ஃபர்லோவில் இருப்பவர் வேறு வேலை தேடவேண்டுமா என்பது எல்லாருக்கும் எழும் ஐயம். சட்டத்தின் பொதுவிதி தேடவேண்டும் என்பதே: வாஷிங்டன் மாநிலத்தில் வாரத்துக்கு மூன்று முயற்சிகள், ஃபுளோரிடாவின் பெரும்பாலான கவுண்டிகளில் ஐந்து. ஆனால் திரும்ப அழைக்கும் தேதி உறுதியாக உள்ளவர்களுக்குப் பல மாநிலங்கள் இந்தக் கடமையிலிருந்து விலக்கு தருகின்றன. வாஷிங்டனில் இதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். தொழிலாளி நான்கு வாரம் வரை கேட்கலாம், நிறுவனம் கேட்டால் எட்டு வாரம் வரை கிடைக்கும். விலக்கு தானாக வருவதாக எண்ணிவிடாதீர்கள். எழுத்தில் உறுதியாகும் வரை முயற்சிகளைச் செய்து, நாள், நிறுவனம், வேலையின் பெயர், தொடர்புகொண்ட முறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விலக்கு கிடைத்தவர்களுக்கும் என் யோசனை, தேடுவதை அடியோடு நிறுத்தவேண்டாம் என்பதே. திரும்ப அழைப்பதாகச் சொன்ன தேதி ஒருமுறை தள்ளிப்போனால் மறுமுறையும் தள்ளிப்போகலாம்.

சம்பளக் கணக்கு எழுதுவதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. ஒன்று, கைக்கு வந்த தொகையை எழுதுவது. எழுதவேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகை. மற்றொன்று, பணம் வந்த வாரத்தில் எழுதுவது. பெரும்பாலான மாநிலங்கள் கேட்பது வேலை செய்த வாரத்தின் கணக்கை. ஃபர்லோவுக்கு முந்தைய இரண்டு வாரச் சம்பளம் ஃபர்லோவின் முதல் வாரத்தில் வங்கிக்கு வந்தால், அது முந்தைய வாரங்களுக்கு உரியது. சேர்ந்திருந்த விடுப்பு நாட்களுக்கான பணம், இழப்பீட்டுத் தொகை போன்றவற்றை மாநிலங்கள் வெவ்வேறு விதமாக நடத்துகின்றன. ஆகவே வந்தவற்றை எல்லாம் தெரிவித்துவிட்டு, கழிப்பதா வேண்டாமா என்பதை அலுவலகமே முடிவு செய்ய விடுவதே பாதுகாப்பானது.

பகுதிநேர வேலை வந்தால் முழு உதவித்தொகையும் போய்விடும் என்று அஞ்சி மறுப்பவர்கள் உண்டு. அது தவறான கணக்கு. கலிஃபோர்னியாவில், ஈட்டியதில் 25 டாலர் அல்லது நான்கில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அது கண்டுகொள்ளப்படாமல் விடப்படும், மிச்சம்தான் கழியும். வாரத் தொகை 450 டாலர் உள்ளவர் ஒரு வாரத்தில் 400 டாலர் ஈட்டினால், அதில் 100 விடப்பட்டு 300 கழிந்து, 150 டாலர் உதவித்தொகையாக வரும். கையில் மொத்தம் 550. கழிந்த அந்த 300 டாலரும் அழிந்துவிடுவதில்லை. உங்கள் பெயரில் உள்ள மொத்தக் கையிருப்பிலேயே நின்று, விண்ணப்பித்ததிலிருந்து ஓடும் ஓராண்டுக் காலத்துக்குள் பின்னால் வரும் வாரங்களுக்குப் பயன்படும். நியூயார்க் வேலை செய்த மணிநேரத்தைப் பார்க்கிறது: வாரத்தில் 10 மணிநேரம் வரை கழிவே இல்லை, அதற்குமேல் படிப்படியாகக் குறைந்து, 30 மணிநேரத்தைத் தாண்டினால் ஒன்றும் வராது.

நிறுவனம் எல்லாரையும் நிறுத்துவதற்குப் பதிலாக, எல்லாருடைய நேரத்தையும் குறைத்திருந்தால், 'வேலைப் பகிர்வு' திட்டம் உள்ளதா என்று கேளுங்கள். 1978இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்த இந்தத் திட்டம் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், வாரத் தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் இதற்கு விண்ணப்பிக்கவேண்டியது நிறுவனம்தான்; ஊழியர் தனியாகப் பெற முடியாது.

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூடுதல்நேர ஊதியம் பெறாத 'எக்ஸெம்ப்ட்' ஊழியர் ஒரு வாரத்தில் சிறிதளவு வேலை செய்தாலும், கூட்டாட்சி ஊதியச் சட்டப்படி பொதுவாக அந்த வாரத்தின் முழுச் சம்பளத்தையும் நிறுவனம் தரவேண்டும். ஃபர்லோ வாரங்களில் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கவே கூடாது என்று நிறுவனங்கள் கடுமையாகச் சொல்வதன் காரணம் இதுதான். மேலாளர் 'ஒரு நிமிஷ வேலை' என்று கேட்டாலும், அதைச் செய்துவிட்டு உறுதிமொழியில் 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் பொய் சொன்னவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அரசு ஊழியர்கள், விசாவில் இருப்பவர்கள்

செலவு ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடப்படும் கூட்டாட்சி அரசின் நிதி முடக்கத்தால் ஃபர்லோவில் வைக்கப்படும் ஊழியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு, நடத்துவது மாநிலங்களே. பணியிடம் பதிவாகியுள்ள மாநிலத்தில், உங்கள் துறை தரும் எஸ்எஃப்-8, எஸ்எஃப்-50 படிவங்களோடும் சம்பளச் சீட்டுகளோடும் விண்ணப்பிக்கவேண்டும். சம்பளமின்றி ஆனால் முழுநேரமும் வேலைக்கு வரச்சொல்லப்பட்டவர்களுக்குப் பொதுவாக இது கிடைக்காது, ஏனெனில் சட்டத்தின் பார்வையில் அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் நீடித்த முடக்கத்தின்போது இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம், முடக்கம் முடிந்ததும் நிலுவைச் சம்பளம் வழங்க வகைசெய்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரையிலான 43 நாள் முடக்கத்துக்குப் பிறகும் நிலுவை வழங்கப்பட்டது. அப்படி நிலுவை வந்ததும், அதே வாரங்களுக்குப் பெற்ற உதவித்தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும். ஆகவே இவர்களுக்கு அது வட்டியில்லாக் கைமாற்றுப் போன்றது. வீட்டு வாடகை கட்டப் பயன்படுத்திக்கொள்ளலாம், சொந்தப் பணமாக எண்ணிவிடக்கூடாது. அரசுக்கு வேலை செய்யும் தனியார் ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு அந்த நிலுவை உத்தரவாதம் இல்லை. அவர்கள் வழக்கமான காப்பீட்டில்தான் கேட்கவேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களின் நிலை முற்றிலும் வேறு. வேலை இல்லை என்று சொல்லி நிறுவனம் அவர்களைச் சம்பளமின்றி உட்காரவைப்பது, அதாவது 'பெஞ்சில்' வைப்பது, விதிமீறல்; வேலை தராத நாட்களுக்கும் குறிப்பிட்ட சம்பளத்தைத் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. எனவே எச்-1பி ஊழியருக்கு ஃபர்லோ கடிதம் வந்தால், உதவித்தொகைக்கு முன்னால் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டவேண்டும். வேலை முறைப்படி முடிவுக்கு வந்தால், நாட்டில் தங்கி வேறு வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள் அவகாசமே உண்டு. வேறொரு நிறுவனம் மனு போடாமல் அங்கே வேலை செய்ய முடியாதவர் 'வேலைக்குத் தயார்' என்ற விதியை நிறைவேற்றுவது கடினம் என்பதால், அவர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மறுக்கப்படுகின்றன. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், எச்-1பி ஊழியரின் துணைவர் என்ற முறையில் எச்-4 வேலை அனுமதி அட்டையில் வேலை செய்தவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. அட்டை காலாவதியாகாமல் இருக்கவேண்டும். உதவித்தொகை வாங்கினால் பின்னால் கிரீன் கார்டுக்குக் குந்தகம் வரும் என்று சிலர் அஞ்சுவார்கள். வேலையின்மைக் காப்பீடு உழைப்பால் ஈட்டிய பலனாகக் கருதப்படுவதால், 'அரசுக்குச் சுமை' என்ற விதியில் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

மருத்துவக் காப்பீடும் வரியும்

ஃபர்லோவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் தொடரும், ஆனால் உங்கள் பங்குப் பிரீமியத்தைப் பிடிக்கச் சம்பளம் இருக்காது. அதைக் காசோலையாகக் கட்டவேண்டுமா, திரும்பி வந்தபின் சேர்த்துப் பிடிப்பார்களா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். வேலைநேரம் குறைந்ததால் காப்பீடு நின்றுபோனால், 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் 'கோப்ரா' சட்டப்படி அதையே 18 மாதம் வரை தொடரலாம். முழுப் பிரீமியத்தோடு 2 விழுக்காடு சேர்த்து நீங்களே கட்டவேண்டும் என்பதால் அது பெரும் செலவு. முடிவு செய்ய 60 நாள் உண்டு. அதே 60 நாளுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனித் திட்டம் வாங்கவும் முடியும். உதவித்தொகையும் அங்கே வருமானமாகக் கணக்கில் வரும்.

உதவித்தொகைக்குக் கூட்டாட்சி வருமான வரி உண்டு. டபிள்யூ-4வி படிவம் கொடுத்தாலோ, இணையதளத்தில் தேர்வு செய்தாலோ 10 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு தருவார்கள். கையில் வருவது சிறிதாயிற்றே என்று பிடித்தத்தை மறுத்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் திண்டாடுவோர் நிறைய. மாநில வரியைப் பொறுத்தவரை கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகியவை இதற்கு வரி விதிப்பதில்லை. 401கே ஓய்வூதியச் சேமிப்பைத் தொடுவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்; 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு பொதுவாக 10 விழுக்காடு அபராதமும் உண்டு. கடன் தவணை, வீட்டுத் தவணை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு அவகாசம் கேட்பதாக இருந்தால், ஒரு தவணை தவறுவதற்கு முன்னரே கேட்பது வேறு, தவறியபின் கேட்பது வேறு. உணவு உதவிக்கும் வாடகை உதவிக்கும் 211 என்ற தொலைபேசி எண் உள்ளூர் அமைப்புகளிடம் வழிகாட்டும்.

மறுத்தால், கூடுதலாகக் கொடுத்துவிட்டால்

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது மேல்முறையீட்டுக் கெடு. டெக்சஸில் 14 நாள், ஃபுளோரிடாவில் 20, கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30. கெடு கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. விசாரணை பெரும்பாலும் தொலைபேசியிலேயே நடக்கும். ஃபர்லோ கடிதமும் சம்பளச் சீட்டுகளும் உறுதிமொழிப் பதிவுகளும் முன்னரே அனுப்பப்பட்டிருக்கவேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கட்டணமில்லை. மேல்முறையீடு நடக்கும்போதும் வாராந்திர உறுதிமொழியை நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் பதிலே வராமல் விண்ணப்பம் தேங்கி நின்றால், உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இத்தகைய தேக்கங்களை விசாரித்துத் தருவது அந்த அலுவலகங்களின் வழக்கமான பணிகளில் ஒன்று.

அலுவலகத்தின் தவறாலோ உங்கள் தவறாலோ கூடுதல் பணம் வந்துவிட்டதாகக் கடிதம் வந்தாலும் ஒதுக்கிவைக்காதீர்கள். தெரியாமல் நேர்ந்த தவறானால் பல மாநிலங்களில் தள்ளுபடி கேட்கலாம், தவணையும் கேட்கலாம். தெரிந்தே மறைத்ததாக முடிவானால், வாங்கிய தொகையோடு குறைந்தது 15 விழுக்காடு அபராதம் கூட்டாட்சிச் சட்டப்படியே விதிக்கப்படும்; உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய வருமான வரித் தொகையிலிருந்தும் பிடித்துக்கொள்வார்கள்.

திரும்ப அழைக்கும்போது

அழைப்பு வந்தால், நியாயமான காரணமின்றி மறுப்பவருக்கு உதவித்தொகை நின்றுவிடும். வேலையில் சேர்ந்த வாரத்தின் உறுதிமொழியையும் கொடுங்கள்: புதன்கிழமை சேர்ந்திருந்தால் அந்த வாரத்தில் ஈட்டியதை, சம்பளம் இன்னும் கைக்கு வராவிட்டாலும், எழுதவேண்டும். அதன்பின் உறுதிமொழி கொடுப்பதை நிறுத்திவிட்டால் போதும், கணக்கு தானாக உறங்கிவிடும். அந்த ஓராண்டுக்குள் நிறுவனம் உங்களை மீண்டும் நிறுத்தினால் புதிய விண்ணப்பம் வேண்டியதில்லை. பழைய கணக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்கவேண்டும், அதுவும் சம்பளம் நின்ற முதல் வாரத்திலேயே. காத்திருப்பு வாரத்தை ஏற்கெனவே கழித்திருப்பதால் பொதுவாக இரண்டாம் முறை அது இருக்காது. மாறாக, அழைப்பே வராமல் ஃபர்லோ ஆறு மாதத்தைத் தாண்டினால், 100 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் அது, பெருமளவு ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பு கேட்கும் கூட்டாட்சிச் சட்டப்படி வேலையிழப்பாகவே கருதப்படக்கூடும். அந்த நிலையில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்ப்பது பயன்தரும். ஜனவரி இறுதிக்குள், முந்தைய ஆண்டில் பெற்ற உதவித்தொகையைக் காட்டும் 1099-ஜி படிவம் மாநிலத்திடமிருந்து வரும். முகவரி மாறியிருந்தால் முன்னரே தெரிவித்துவிட்டு, படிவத்தில் உள்ள தொகையை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபின் வரி தாக்கல் செய்யுங்கள்.